கடல் நம்மூர்ல, குழாய் சென்னைக்கு: தண்ணிக் காசு யாருக்கு எவ்வளவு?

(திருப்போரூர் தெருமுனைக் கூட்டத்தில் நம்ம ஐடி விங் தம்பி பேசியது. படிச்சுட்டு ஷேர் பண்ணுங்க.)

பெரியவங்க பேசிட்டாங்க, எனக்கு அஞ்சு நிமிஷம்தான். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வச்சுப் பாஸ் பண்ண இன்ஜினியர் நான். அதனால கஷ்டமான கணக்கு எதுவும் வராது, பயப்படாதீங்க.

20 லிட்டர் தண்ணி கேன் என்ன விலை? கடைக்குக் கடை மாறும், 40 ரூபாய்னு வச்சுக்குவோம். ஆயிரம் லிட்டருக்கு 50 கேன், அதாவது 2,000 ரூபாய். இப்ப மீஞ்சூருக்கு வாங்க. 2010-ல திறந்த கடல்நீர் ஆலை. தனியார் கம்பெனி கட்டி, சென்னைக் குடிநீர் வாரியத்துக்குத் தண்ணி வித்தது. ஒப்பந்தத்துல பேசின விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 பைசா! கரண்டை ஊத்தி உப்பைப் பிரிக்கிற தண்ணிக்கே அதுதான் விலை. நாம கேனுக்குக் குடுக்கிறது அதைவிட 40 மடங்கு.

அந்த மாதிரி ஆலை நம்ம நெம்மேலியில ரெண்டு இருக்கு. 2013-ல திறந்தது நாளுக்கு 10 கோடி லிட்டர், 2024-ல திறந்தது 15 கோடி லிட்டர். பேரூர்ல இன்னும் 40 கோடி லிட்டருக்குத் திட்டம். குழாய் போறது சென்னைப் பக்கம். போகட்டும், 2019-ல அந்த ஜனங்க குடத்தோட அலைஞ்சதைப் பார்த்தவங்கதான் நாம. ஆனா கடல் அரிக்குதுன்னு சூலேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் போராடினாங்களே, அந்தக் கரை கேன் தண்ணியை நம்பி இருக்கலாமா?

அடுத்து சாக்கடை. சென்னையில வீட்டோட ஆண்டு மதிப்புல 7 சதவீதம் குடிநீர், கழிவுநீர் வரி. அதுல தண்ணிக்கு 1.5, கழிவுநீருக்கு 5.5. ஆச்சரியமா இருக்கா? கொண்டுவர்றதைவிட அள்ளிச் சுத்தம் பண்றதுக்கு வரி ஜாஸ்தி. பாதாளச் சாக்கடை இல்லாத நம்ம ஊர்கள்ல அந்தச் செலவு செப்டிக் டேங்க் லாரிக்கு நேரா நம்ம பாக்கெட்டுலேர்ந்து போகுது. டேங்குல கசியுறது மணல் வழியா பக்கத்து போர்வெல்லுக்கே திரும்பி வருது. மறுபடி கேன்!

இங்க நம்ம ஆளுங்களோடவே எனக்கு ஒரு சண்டை உண்டு. மீட்டர்னு சொன்னாலே எதிர்க்கிறோம். மாசத்துக்கு இவ்வளவுன்னு ஒரே தொகை வச்சா யாருக்கு லாபம்? நாலு குடம் பிடிக்கிற அக்காவுக்கா, நீச்சல் குளம் வச்ச ரிசார்ட்டுக்கா? வீட்டுக்குத் தேவையான அளவு வரைக்கும் குறைஞ்ச கட்டணம், அதுக்கு மேல லிட்டர் கணக்கு. முதல் மீட்டர் ஈசிஆர் ரிசார்ட்டுல மாட்டணும், குப்பத்துல இல்ல. கழிவுநீர்க் கட்டணம் இணைப்பு குடுத்த பிறகுதான்.

இதை எங்க கேக்குறது? மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அன்னைக்குக் கிராமசபை இருக்கு. ஊராட்சியில போன வருஷம் தண்ணிக் கட்டணமா எவ்வளவு வந்துச்சு, மோட்டார் கரண்டுக்கும் ரிப்பேருக்கும் எவ்வளவு போச்சு, ரெண்டையும் வாசிக்கச் சொல்லுங்க. தீர்மானப் புத்தகத்துல எழுதின பிறகு கையெழுத்துப் போடுங்க. எழுதின பக்கத்தைப் போட்டோ எடுத்து கமெண்ட்ல போடுங்க, ஊர் ஊரா நான் தொகுத்து வைக்கிறேன்.

#தண்ணிக்கணக்கு