கடன் வாங்கினவன் வேற, கட்டினவன் வேற



போன கூட்டம் முடிஞ்சதும் ஒரு தம்பி கேட்டார்: "டாலர் ஏறிச்சு, பணம் விழுந்துச்சுங்கிறாங்க. கையில காசே இல்லாத நமக்கு அதுல என்னண்ணே இருக்கு?" அதற்கான பதில் 1997இல் தென்கிழக்கு ஆசியாவில் இருக்கிறது.

தாய்லாந்தின் பணம் பாட். ஒரு டாலருக்குச் சுமார் 25 பாட் என்று அரசு கட்டிவைத்திருந்தது. டாலர் கடனுக்கு வட்டி குறைவு. 90களின் தொடக்கத்தில் அந்நியக் கடனுக்குக் கதவையும் திறந்துவிட்டார்கள். நிதி நிறுவனங்கள் குறுகிய தவணைக்கு டாலரில் வாங்கி, பாங்காக்கில் அடுக்குமாடிகளுக்குக் கொட்டின. வீடு வாங்க ஆளில்லை. கடன் கொடுத்தவன் பயந்து திருப்பிக் கேட்டான். சூதாடிகள் பாட்டை விற்றுத் தள்ளினார்கள். தாக்குப்பிடிக்க மத்திய வங்கியிடம் டாலர் இல்லை. 1997 ஜூலை 2 அன்று கட்டை அவிழ்த்துவிட்டது. 1998 ஜனவரியில் டாலர் 50 பாட்டைத் தாண்டியது. கணக்குப் போட்டுப் பாருங்க: 2,500 பாட்டா இருந்த 100 டாலர் கடன், புதுசா ஒத்தப் பைசா வாங்காமலே 5,000 ஆயிடுச்சு.

இந்தோனேசியாவில் இன்னும் மோசம். டாலருக்குச் சுமார் 2,400 ருபியா இருந்தது, 1998 ஜூனில் 16,000ஐத் தாண்டியது. அரிசி விலை ஏறியது, வேலை போனது. ஐ.எம்.எப். கடன் கொடுத்தது, மானியத்தை வெட்டச் சொன்னது. மே 4 அன்று சுகார்த்தோ அரசு பெட்ரோல், மண்ணெண்ணெய் விலையை ஏற்றியது. மே 12 அன்று ஜகார்த்தாவின் திரிசக்தி பல்கலைக்கழகத்தில் 4 மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

அடுத்து வெடிச்ச கலவரத்துல கோபம் யார் மேல பாய்ஞ்சது? கடன்ல கொழுத்த கூட்டத்து மேலயா? இல்ல. சீன வம்சாவளி மக்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அந்தப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதில் பெரும்பாலோர் எரியும் வணிக வளாகங்களுக்குள் சிக்கிய ஏழைகள். மே 21 அன்று சுகார்த்தோ பதவி விலகினார். ஆனால் திவாலான வங்கிகளின் சுமை அரசின் தலையில் ஏறியது. அப்படின்னா மக்கள் தலையில.

தம்பி, கையில காசு இல்லாதவனுக்குத்தான் இதுல எல்லாமே இருக்கு. பணம் விழுந்தா அவன் கூலியும் சேர்ந்து விழுது. பசியில வர்ற கோபத்தைப் பக்கத்துத் தெருவுப் பக்கம் திருப்பிவிட ஆளும் தயாரா நிக்கிறான். பழி சுமந்தே பழகின சேரிக்காரன் நான், அதனால சொல்றேன்: தீப்பந்தம் நீட்டுறவன்கிட்ட முதல்ல கேளுங்க, கடன் பத்திரத்துல கையெழுத்துப் போட்டவன் யாருன்னு.