பாடி வருபவரைத் தடுப்பது எப்படி?



சடுகுடு ஆட்டத்தைப் பற்றிப் புதுக்கோட்டை மாவட்டத்து இளைஞர்களுக்கு நான் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பொங்கலை ஒட்டியும் கோயில் திருவிழாக்களை ஒட்டியும், ஆலங்குடிப் பக்கத்திலும் அறந்தாங்கிப் பக்கத்திலும் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் கபடிப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் உங்களிற் பலர். எதிரணியின் எல்லைக்குள் பாடிச் சென்று, இருவரைத் தொட்டுவிட்டு மீண்டு வருகிறவருக்குக் கைதட்டல் வானைப் பிளக்கிறது. அவரைப் பிடித்து நிறுத்தியவரின் பெயரோ மறுநாள் காலையில் பலருக்கு நினைவிருப்பதில்லை. பெயர் மறக்கப்படும் அந்த மனிதரின் கலையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். எதிரணியில் ஒருவர், வரும்போதெல்லாம் புள்ளி எடுத்துச் செல்கிறார். அவரைத் தடுப்பது எப்படி என்பதே நம் கேள்வி.

முதலில் களத்தின் கணக்கைப் பார்ப்போம். ஆடவர் ஆடும் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தொலைவில் ஒரு கோடு உண்டு. பாடி வருபவர் யாரையும் தொடாத நிலையில் அதைக் கடந்தே ஆக வேண்டும். அதற்கு அப்பால் ஒரு மீட்டரில் போனஸ் கோடு. அவருக்குக் கிடைக்கும் நேரம் 30 விநாடி. தடுப்பாட்டத்தின் பாதி இரகசியம் இந்த எண்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

நடுக்கோட்டருகே ஒருவரைப் பிடித்தால், விழும்போதே கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுத் தப்பிவிடுவார். போனஸ் கோட்டருகே பிடித்தாலோ, நான்கரை மீட்டருக்கு மேல் பிடித்தவர்களையும் இழுத்துக்கொண்டு அவர் திரும்ப வேண்டும். ஆகவே வல்லவர் வரும்போது முன்னால் பாய்வது அறிவீனம். பின்வாங்கி, அவரை உள்ளே வரவிட்டு, மெல்ல ஒரு மூலையை நோக்கி ஒதுக்க வேண்டும். கண்மாய் நீரைக் கரை எங்கும் தடுத்துக்கொண்டிருக்க முடியாது. மடை வழியே விடுகிறோம் அல்லவா? அதுபோன்றதே இது.

நேரமும் பிடிப்பவரின் பக்கமே நிற்கிறது. ஓர் அணியினர் தொடர்ந்து இருமுறை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாம் முறை பாடிச் செல்பவர் புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லையேல் ஆட்டமிழப்பார். இது இன்றைய பெரிய போட்டிகளில் உள்ள விதி. பொறுமையாக நிற்கும் அணி, அவசரத்தை எதிரியின் தோளுக்கு மாற்றிவிடுகிறது.

அடுத்தது ஒற்றுமை. மூலையில் நிற்பவர் கணுக்காலைப் பற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது முதற்பிடி. வலியவரை முதற்பிடி மட்டும் நிறுத்தாது. கண் இமைக்கும் நேரத்தில் மற்றவர்கள் இடுப்பையும் தொடையையும் பற்றி, நடுக்கோட்டுக்குச் செல்லும் வழியை அடைக்க வேண்டும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அவர் தப்பிக் கோட்டைத் தொட்டுவிட்டால், போராட்டத்தில் அவர்மேல் பட்ட அத்தனை பேரும் வெளியேற வேண்டியதுதான். ஆதலால் உதவுகிறேன் என்று அரைமனத்தோடு கைவைப்பவர் இருவகையிலும் கேடு செய்கிறார். ஒருவர் துணிந்தால் எழுவரும் துணிய வேண்டும். இல்லையேல் எழுவரும் விலகி நிற்க வேண்டும்.

மூன்றாவது, எதிரியின் பழக்கத்தைப் படித்தல். அரியானா மாநிலத்துப் பர்தீப் நர்வாலை நீங்கள் அறிவீர்கள். 2017ஆம் ஆண்டு புரோ கபடிப் போட்டியில் பாட்னா அணிக்காக ஆடிய அவர், பாடிச் சென்று எடுத்த புள்ளிகள் மட்டும் 369. அரியானா அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 34. அவ்வாண்டு அக்டோபர் 28ஆம் நாள் சென்னையில் நடந்த இறுதியாட்டத்தில் 19 புள்ளிகள் எடுத்தார். பாட்னா, குஜராத்தை 55-38 என வென்றது. அவருடைய புகழ்பெற்ற உத்தி 'டுப்கி' எனப்படும் முழுக்கு. இருவர் கைகோத்துச் சங்கிலியாக வழிமறிக்க வரும்போது, உடலை மடக்கி அந்தக் கைகளுக்குக் கீழே புகுந்து வெளியேறிவிடுவார். இத்தகையவர் முன் நிமிர்ந்த உடலோடு மார்பளவில் சங்கிலி போடுவது, அவருக்கு வாயிலைத் திறந்து வைப்பதாகும். முழங்காலை மடக்கித் தாழ நின்று, தொடையையும் இடுப்பையும் குறிவைப்பதே தக்கது.

நான்காவது உத்தி நுட்பமானது. மாணவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆட்டமிழந்து வெளியே அமர்ந்திருப்பவர், வெளியேறிய வரிசைப்படியே உள்ளே திரும்புகிறார். எதிரணியில் முன்பே இருவர் வெளியே இருக்கும்போது அந்த வல்லவர் பிடிபட்டால், அவர் மீள்வதற்கு அவருடைய அணி நம்மில் மூவரை வெளியேற்ற வேண்டும். போனஸ் புள்ளிக்கோ ஆளை மீட்கும் ஆற்றல் கிடையாது. எனவே அவர் வெளியே இருக்கும் நேரத்தில் ஒரு போனஸைக் கொடுத்தாலும் கொடுக்கலாம். தொடுபுள்ளியைக் கொடுத்தல் ஆகாது. வெளியே அமர்ந்திருப்பவரால் புள்ளி எடுக்க இயலாதன்றோ?

இந்தச் சிந்தனை நம் ஆட்டத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கூடைப்பந்தில் வில்ட் சேம்பர்லேன் என்னும் நெடிய வீரர், 1962 மார்ச் 2ஆம் நாள் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அதே ஆண்டில் பாஸ்டன் அணிக்கு எதிரான ஏழு ஆட்டத் தொடரின் கடைசி ஆட்டத்தில் அவர் எடுத்தவை 22. பாஸ்டன் 109-107 என வென்றது. அங்கே அவரை எதிர்கொண்டவர் பில் ரசல். கூடைக்கு அருகே சேம்பர்லேன் விரும்பிய இடத்தில் பந்து கைக்கு வராதபடி, ஓரடியேனும் அப்பால் நிறுத்த அவர் முயல்வார். கபடியில் உள்ளே வரவிடுகிறோம். கூடைப்பந்தில் வெளியே நிறுத்துகிறார்கள். வழி மாறினாலும் கொள்கை ஒன்றே. வல்லவர் விரும்பும் இடத்தை அவருக்குக் கொடுக்கலாகாது. அவரைப் புள்ளியே எடுக்கவிடாமல் செய்வது அரிது. ஒவ்வொரு புள்ளிக்கும் அவர் மிகுந்த விலை கொடுக்கும்படி செய்வதே தடுப்பாட்டம்.

இக்கலையை அசட்டை செய்தால் என்ன நேரும் என்பதற்கு ஜகார்த்தா சான்று. ஆசிய விளையாட்டில் 1990 முதல் ஆடவர் கபடித் தங்கத்தை இந்தியாவே தொடர்ந்து ஏழுமுறை வென்றிருந்தது. 2018இல் அரையிறுதியில் ஈரான் நம்மை 27-18 என வீழ்த்தியது. புகழ்பெற்ற நம் வீரர்கள் பாடிச் சென்றும், அணியின் மொத்தப் புள்ளியே 18தான். ஈரானின் பசல் அத்ராச்சலி, நம் நாட்டுப் போட்டிகளில் நம்மவரோடு ஆடி நம் பழக்கங்களை நன்கறிந்த மூலைக்காவலர். 2023இல் ஹாங்சோவில் இந்தியா 33-29 என ஈரானை வென்று தங்கத்தை மீட்டது. ஆயினும் ஜகார்த்தாவின் பாடத்தை நாம் மறக்கலாகாது.

நம் பக்கத்திலும் எடுத்துக்காட்டு இல்லாமல் இல்லை. தஞ்சை மாவட்டத்துத் தருமராஜ் சேரலாதன் பிடிப்பதில் பேர் பெற்றவர். நாற்பது வயதைக் கடந்த பின்னும் களத்தில் நின்றவர். 2016இல் பாட்னா அணி கோப்பை வென்றபோது அதன் தலைவர் அவரே. நான் முன்பு சொன்ன பர்தீப் நர்வால் அவ்வணியில் பாடிச் சென்றவர். தொடுவதற்கு ஒருவர், பிடிப்பதற்கு ஒருவர் என்று அணி அமைந்தால்தான் வெற்றி கைகூடும்.

முடிவாக ஒன்று. தடுப்பது வேறு, தாக்குவது வேறு. பாட்டை நிறுத்துவதற்காக வாயைப் பொத்துவதும், கழுத்தை நெரிப்பதும், கால்களால் கத்தரிபோல் பின்னுவதும் விதிப்படி குற்றம். அவற்றால் முடங்கும் முழங்கால் ஓர் ஏழை மாணவனின் படிப்பையும், விளையாட்டால் கிடைக்கக்கூடிய வேலையையும் ஒருங்கே பறித்துவிடக்கூடும். பிடித்தவரைக் கைகொடுத்துத் தூக்கிவிடுங்கள். அடுத்த முறை உங்கள் ஊர்க் களத்தில் ஒருவர் கணுக்காலைப் பற்றி வல்லவரை நிறுத்தும்போது, அவருக்கும் கைதட்டுங்கள். அவருடைய பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.