காஞ்சியில் இரண்டு நாட்கள்



கடல் கடந்து சென்று பழம்பெரும் நகரங்களைக் காண்பதில் பலருக்கு விருப்பம் உண்டு. மத்தியதரைக் கடற்கரையிலே அலெக்சாந்திரியா போன்ற எத்தனையோ நகரங்கள் பழம்புகழோடு விளங்குகின்றன. அவற்றைக் காணும் வாய்ப்பு எனக்கு நேரவில்லை. ஆனால், சென்னையிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர் தொலைவிலே, பழமையில் அவற்றோடு தோள் தட்டி நிற்கக்கூடிய ஊர் ஒன்று நமக்கு இருக்கிறது. அதுதான் காஞ்சிபுரம். கடற்கரையில் இல்லாவிட்டாலும், பல்லவர் காலத்தில் மாமல்லபுரத்தைத் துறைமுகமாகக் கொண்டு கடலோடு உறவாடிய நகரம் அது. நானும் என் மனைவியும் அங்கே இரண்டு நாட்கள் தங்கியிருந்தோம்.

புறப்படும்போதே எங்களுக்குள் ஒரு சிறு வழக்கு. நான் கோயில்களின் பட்டியல் ஒன்றை எழுதி வைத்திருந்தேன். அவள் விரும்பியதோ ஒன்றே ஒன்று. எங்கள் திருமணத்தன்று அவள் உடுத்திய பட்டுப் புடைவை காஞ்சியில் நெய்தது. அத்தகைய புடைவையைத் தறியிலே காண வேண்டும் என்றாள். "தறியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்றேன். "முதல் நாள் உங்களுடையது, இரண்டாம் நாள் என்னுடையது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

முதல் நாள் காலையில் கைலாசநாதர் கோயிலுக்குச் சென்றோம். ராஜசிம்மன் என்னும் பல்லவ மன்னன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த மணற்கல் கோயில் அது. திருச்சுற்றின் மதிலை ஒட்டி 58 சிற்றாலயங்கள் அணிவகுத்து நிற்கின்றன. கோயிலின் முன்னே உள்ள சிறு கோயில்களுள் ஒன்றை அரசி ரங்கபதாகை கட்டுவித்தாள் என்பதை அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. "கணவன் கட்டிய கோயிலின் வாயிலில் மனைவியின் கோயில்!" என்று என் மனைவி மகிழ்ந்தாள்.

அங்கே மற்றொரு கல்வெட்டும் உண்டு. அது கன்னட மொழியில் அமைந்தது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பல்லவரை வென்று காஞ்சிக்குள் நுழைந்தான். வென்ற ஊரை அவன் அழிக்கவில்லை. இக்கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கவராமல் கோயிலுக்கே திருப்பி அளித்ததாக அக்கல்வெட்டு தெரிவிக்கிறது. அவனுடைய அரசி லோகமகாதேவி, கணவன் காஞ்சியை வென்றதன் நினைவாகப் பட்டதக்கல்லில் ஒரு பெருங்கோயில் எடுப்பித்தாள். இன்று விரூபாட்சர் கோயில் எனப்படும் அதன் அமைப்பிலே காஞ்சிக் கைலாசநாதரின் சாயலை அறிஞர்கள் காண்கிறார்கள். வாளால் வென்றவர்கள் கலையால் வெல்லப்பட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பிற்பகலில் வைகுந்தப் பெருமாள் கோயிலில் பல்லவர் வரலாற்றைச் சொல்லும் சிற்பங்களையும், மாலையில் ஏகாம்பரநாதர் கோயிலில் கிருஷ்ணதேவராயர் 1509ஆம் ஆண்டில் எழுப்பிய இராச கோபுரத்தையும் கண்டோம். இரவு மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் காஞ்சிபுரம் இட்டலியோடு என் நாள் முடிந்தது.

மறுநாள் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குச் சென்றோம். கணவர் தறியில் அமர்ந்திருந்தார். அவர் பக்கத்திலே அவர் மனைவியும் அமர்ந்திருந்தார். "இருவர் எதற்கு?" என்று கேட்டேன். "இது கோர்வைப் புடைவை, ஐயா" என்றார் அவர்.

காஞ்சிப் பட்டின் உயிர்நிலை இந்தக் கோர்வையே ஆகும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம். ஊடை இழை ஒரே ஓட்டமாகக் குறுக்கே சென்றால் நிறங்கள் கலந்துவிடும். ஆகவே உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு வரியிலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். ஒருவர் கை இதற்குப் போதாது. முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமாயின், புதிய பாவு இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கிறார்கள். இதற்குப் பேட்னி என்று பெயர். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு புடைவைக்குப் பத்து நாளும் ஆகலாம். இருபது நாளும் ஆகலாம். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து வருகிறது. கைத்திறன் ஒன்றே காஞ்சியின் சொந்தப் பொருள்!

"பிள்ளைகள் உதவுவது உண்டா, அம்மா?" என்று என் மனைவி அந்த அம்மையாரைக் கேட்டாள்.

"பெரியவன் ஒரகடத்தில் மோட்டார்த் தொழிற்சாலைக்குப் போகிறான். மாதம் பிறந்தால் சம்பளம். தறிக்கு வா என்று அவனை அழைக்க எங்களுக்கு வாய் வரவில்லை" என்றார் அவர்.

கணவர் தறியை நிறுத்தாமலே சொன்னார்: "இவள் படுத்துக்கொண்டால் தறியும் படுத்துக்கொள்ளும், ஐயா."

அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. கைத்தறிக்கெனச் சில துணிவகைகளை ஒதுக்கும் சட்டம் 1985ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் 2005-06இல் கிடைத்துவிட்டது. பெயரைச் சட்டம் காக்கும். ஆனால் தறியின் அருகே காலியாகும் அந்த இரண்டாம் இருக்கையில் சட்டம் வந்து அமருமா? அந்தப் பையனைக் குறை கூறவும் எனக்கு உரிமை இல்லை. என் மகனாக இருந்தால் நானும் மாதச் சம்பளத்துக்கே அனுப்பியிருப்பேன். உழைப்புக்கு ஏற்ற கூலி தறியிலும் கிடைத்தால் அன்றோ அவனைத் திரும்பி வா என்று சொல்லலாம்?

மாணவ நண்பர்களே! நீங்கள் காஞ்சிக்குச் செல்லும்போது கோயில்களை அவசியம் காணுங்கள். ஆனால் ஒரு மணி நேரத்தைத் தறிக்கும் ஒதுக்கி வையுங்கள். கல்லிலே நின்றுவிட்ட கலை நமக்காகக் காத்திருக்கும். கையிலே வாழும் கலை அவ்வாறு காத்திராது.

வீடு திரும்பியதும் என் மனைவி பெட்டியிலிருந்து தன் திருமணப் புடைவையை எடுத்து விரித்தாள். உடலும் கரையும் சேரும் இடத்தை முதன்முறையாக விரலால் தடவிப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளாக அதை ஒருவர் நெய்தது என்றே எண்ணியிருந்தேன்.