அடுப்பின்றிச் சூடேறிய நீர்



அடுப்பிலேற்றிய நீர் சூடாவதை யாவரும் அறிவர். தீயிலிருந்து நீருக்குள் வெப்பம் சென்றது என்பர். அவ்வாறாயின், சென்ற வெப்பம் இப்பொழுது நீருக்குள் வெப்பமாகவே தங்கியிருக்கின்றதா?

இவ்வினாவில் அறிஞரும் ஒருகாலத்தில் இடறினர். வெப்பம் என்பது நிறையற்ற ஒரு பாய்பொருள்; அதனை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பலர் கொண்டிருந்த கருத்தாகும்.

இக்கருத்தை எதிர்த்து நின்றவருள் ஒருவர் ஜேம்ஸ் யூல். இவர் 1818ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சல்போர்ட் நகரில், பியர் வடிக்குந் தொழில் நடத்திய குடும்பத்திற் பிறந்தவர். பல்கலைக்கழகப் பதவி எதுவும் வகியாதவர். செப்புக் கலமொன்றில் நீரை நிரப்பி, அதனுள்ளே துடுப்புகள் பொருந்திய அச்சொன்றை நிறுத்தினார். கயிற்றிற் கட்டிய ஈயக் கட்டிகள் கீழிறங்க, துடுப்புகள் சுழன்று நீரைக் கலக்கின. தீ இல்லை, எனினும் நீரின் வெப்பநிலை உயர்ந்தது! கட்டிகளை இருபது முறை இறக்கியும், ஏற்பட்ட உயர்வு ஏறத்தாழ அரைப் பாகை பரனைற்று மாத்திரமே. அதனை அளக்க அவருக்கு மிக நுண்ணிய வெப்பமானிகள் வேண்டியிருந்தன.

1847இல் ஒக்ஸ்போர்ட்டில் நடைபெற்ற அறிஞர் கூட்டத்தில், சுருக்கமாகப் பேசி முடிக்குமாறு யூல் பணிக்கப்பட்டார். பிற்காலத்திற் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தொம்சன் அங்கே அவர் கூற்றின் அருமையை உணர்ந்தார். 1850இல் யூல் தம் முடிவை விரிவாக வெளியிட்டார்: ஓர் இறாத்தல் நீரை ஒரு பாகை பரனைற்று சூடேற்ற, 772 இறாத்தல் நிறை ஓரடி கீழிறங்குகையிற் செய்யும் வேலை வேண்டும். இன்று கொள்ளப்படும் அளவு ஏறத்தாழ 778 ஆகும்.

இனி, முதல் வினாவுக்கு வருவோம். நீரின் மூலக்கூறுகள் ஓயாது அசைவன, ஒன்றையொன்று கவர்வன. இவ்வசைவாலும் கவர்ச்சியாலும் நீர் கொண்டுள்ள சக்தியே அகச்சக்தி எனப்படும். அடுப்பு அதனை வெப்பத்தால் உயர்த்துகின்றது. யூலின் துடுப்பு அதனை வேலையால் உயர்த்தியது. உயர்ந்தபின், எவ்வழியால் உயர்ந்தது என்பதை நீரைப் பார்த்துக் கூற இயலாது. ஆகவே, வெப்பம் என்பது சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குச் செல்லும் சக்தியின் பெயர், தங்கியிருப்பதன் பெயரன்று. வெப்பநிலையோ வேறு. ஒரு குவளை வெந்நீரும் ஒரு குடம் வெந்நீரும் ஒரே வெப்பநிலையில் இருக்கலாம். ஆயினும், குடத்து நீரின் அகச்சக்தியே பெரிது. வெப்பமானி இவ்வேறுபாட்டைக் காட்டாது.

யூல் 1889இல் மறைந்தார். தம் அளவீட்டை முதுமையிலும் அவர் திருத்தி வந்தார். 1878இல் அவர் கண்ட 772.55 என்னும் எண் அவருடைய கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது.