தீர்த்தமும் சேறும்

(ஸ்ரீரங்கத்தில் செய்த சொற்பொழிவு)



காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு தண்ணீரைப்பற்றிப் பேசுவதென்றால், அது புண்ணிய தீர்த்தமா அல்லவா என்கின்ற வாதந்தான் வருமென்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நாம் இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கும் சேற்றைப்பற்றியே பேசப்போகின்றோம். ஏனெனில் தண்ணீர் ஓடிவிடும், சேறு ஓடுவதில்லை. ஏரியில் விழுந்த இலை, பாசி, சாணம், மனிதக் கழிவு யாவும் வருஷா வருஷம் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிகின்றன. தூர் வாராத ஏரியானால் அடியிலிருப்பது பழையது, மேலிருப்பது புதியது.

இதை விசாரிக்கும் முறையென்ன? ஒரு குழாயைச் சேற்றில் செங்குத்தாய் இறக்கி எடுத்து, உள்ளிருப்பதைத் துண்டு துண்டாய் அறுத்து, ஒவ்வொன்றையும் தண்ணீரிலோ காரநீரிலோ குலுக்கி வடிகட்டுகின்றார்கள். வடிந்த நீரைக் குவார்ட்ஸ் கிண்ணத்தில் விட்டுப் புறஊதா ஒளியைப் பாய்ச்சினால், அந்நீர் தானே மங்கலாய் ஒளிரும். உள்ளே போன ஒளி ஒன்று. வெளிவருவது அதைவிட அலைநீளம் கூடிய வேறொன்று. 1852-ல் ஸ்டோக்ஸ் என்பவர் இதற்குப் புளோரசன்ஸ் என்று பெயரிட்டார். நாம் ஒளிர்வு என்போம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர். இலைதழை மக்கிய சத்து 350 நானோமீட்டர் ஒளியை வாங்கி 420 முதல் 460 வரையில் திருப்பித் தரும். புரதச்சத்தோ 275 வாங்கி 340, 350 அளவில் தரும். சாக்கடை கலந்த இடத்தில் இந்த இரண்டாவது ஒளிர்வு ஓங்கி நிற்பது வழக்கம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பக்கத்துத் திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சி. வி. இராமனிடம் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்த கே. ஆர். இராமநாதன், 1923-ல் தண்ணீரில் ஒளியைப் பாய்ச்சியபோது நிறம் மாறிய மங்கலான ஒளியொன்றைக் கண்டார். அழுக்கின் ஒளிர்வாயிருக்குமென்று நீரைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து பார்த்தார்கள். அது போகவில்லை. அதிசயமென்று கும்பிட்டுப் போயிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். 1928 பிப்ரவரியில், அது அழுக்கின் வேலையல்ல, மூலக்கூறுகளே ஒளியை நிறம் மாற்றிச் சிதறடிக்கும் வேலை என்று வெளிப்பட்டது. 1930-ல் நோபல் பரிசும் வந்தது. இன்று சேற்றை ஆராய்கிறவர்கள், சுத்தமான தண்ணீருக்கு 350 நானோமீட்டர் ஒளி கொடுத்து, 397-ல் வருகின்ற அந்த இராமன் ஒளியையே அளவுகோலாக வைத்து மற்ற ஒளிர்வை அளக்கின்றார்கள். அன்று அழுக்கென்று சந்தேகிக்கப்பட்டதே இன்று அழுக்கை அளக்கும் படி!

யந்திரத்தையும் நாம் சாமியாக்கிவிடக் கூடாது. புரத ஒளிர்வு பாசியாலும் வரும். இரும்போ செம்போ இருந்தால் ஒளிர்வு மங்கும். ஈயம் இருக்கிறதா என்பதற்கு இது பதில் சொல்லாது. ஆகவே இரசாயனச் சோதனையும் கிருமிச் சோதனையும் கூடவே வேண்டும்.

உய்யக்கொண்டான் வாய்க்கால் திருச்சி நகருக்குள் என்ன கோலத்தில் ஓடுகிறதென்று உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. கரையில் நிற்கிறவர் தீர்த்தமென்று இரண்டு துளி தலையில் தெளித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். இறங்கித் தூர் வாருகிறவர் யார்? வண்டலைக் கூடையில் அள்ளி வயலில் கொட்டுகிறவர் யார்? முழங்கால்வரை அதில் நிற்கும் அந்தத் தோழரிடம் அது என்ன சேறு என்று ஒருவரும் சொல்வதில்லை. இம்மாதிரிக் கருவிகள் பல்கலைக்கழகங்களில் உண்டு. குளமோ வாய்க்காலோ தூர் வாருமுன் மூன்று நான்கு இடங்களில் சேறெடுத்துச் சோதித்து, கண்டதைத் தமிழில் எழுதிக் கரையிலேயே பலகை வைக்கும்படி மாநகராட்சியை நாம் கேட்கவேண்டும். ஆட்களை இறக்குவது அதற்குப் பிறகு.