நாற்றங்கால் இல்லாமல் தோட்டமா?

நான் மஞ்சூர்லேருந்து வர்றேன். ரெண்டு ஏக்கர் தேயிலை வச்சிருக்கிற சிறு விவசாயி. எங்க ஊர்ல சமமான இடம் கிடைக்கிறதே அபூர்வம். பந்தை ஓங்கி அடிச்சா, பத்து நிமிஷம் தேயிலைக்குள்ள இறங்கித் தேடணும். (சிரிப்பு) அங்கேயும் பையன்கள் ஃபுட்பால் ஆடுறாங்க. அதனாலதான் "வீரரை வளர்க்கணும்" என்ற அணியில் நிக்கிறேன்.

எதிரணி நண்பர் கோயம்புத்தூரைக் காட்டினார். உண்மைதான். அங்கே ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19 ஐ-லீக் பட்டத்தை ஜெயிச்சது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல், 43க்கு 42. ஸ்பெயினில் ஆடிக்கொண்டிருந்த பெத்ரோ மான்சியைக் கூட்டிவந்தாங்க. மனுஷன் 21 கோல் அடிச்சார். நானும் கைதட்டினேன். ஆனா 2020 ஜனவரியில் அவர் ஜப்பான் கிளப்புக்குப் போயிட்டார். 2021-22 ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை! அதுக்குப் பல காரணம் இருக்கும். மான்சி மேல பழி போடலை. ஆனா அதே அணியில் ஆடிய நம்ம தமிழ்நாட்டு எட்வின் சென்னையின் அணிக்குப் போனார். ரொமாரியோ ஜேசுராஜ் கோவா அணிக்குப் போனார். அணி மறைஞ்சாலும் நம்ம ஆட்டத்துக்கு மிஞ்சினது யாரு? இந்த மண்ணில் வளர்ந்த பையன்கள்! (கைதட்டல்)

இன்னொரு பக்கம் ஐஸ்வாலைப் பாருங்க. அதுவும் மலை ஊர். 2015-16ல் கீழே தள்ளப்பட்ட அணி. மறுபடி சேர்த்துக்கிட்டாங்க. அடுத்த சீசனிலேயே, 2017 ஏப்ரல் 30ஆம் தேதி, சாம்பியன்! வெளியாட்களும் இருந்தாங்க, இல்லேன்னு சொல்லலை. ஆனா பெரும்பான்மை மிசோரம் பையன்கள். ஜெயிச்ச உடனே நல்ல ஆட்டக்காரங்களைப் பெரிய கிளப்புகள் அள்ளிக்கிட்டுப் போச்சு. அப்பவும் அணி கலையலை. 2024-25லயும் ஐ-லீக்ல ஆடினாங்க. நாற்றங்கால் இருக்கிறவனுக்கு நாலு செடி போனாலும் பயமில்லை.

எங்க ஊர்க் கணக்கில் சொல்றேன். சொந்தத் தோட்டம் இல்லாத டீ ஃபேக்டரி எங்ககிட்ட பச்சை இலை வாங்கித்தான் ஓடுது. இன்னைக்கு இலை வாங்கினா நாளைக்குத் தூள் ரெடி. நான் நாற்று நட்டு, ஒழுங்கா இலை கிள்ள மூணு வருஷம் ஆகும். வாங்குறது சுலபம்தான். ஆனா பக்கத்து ஃபேக்டரி கிலோவுக்கு ரெண்டு ரூபா கூடக் கொடுத்தா? இலை அங்கே போயிடும்! (சிரிப்பு) சரி, நாங்க எல்லாரும் நடுறதை நிறுத்திட்டா ஃபேக்டரி எதை வாங்கும்?

என் அக்கா மகன் பிளஸ் டூ முடிச்சான். கால் நல்லா பேசும். கீழே ஒரு கல்லூரிக்கு, பெயர் வேண்டாம், செலக்‌ஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன். "ஏற்கெனவே யூனிவர்சிட்டி அளவில் ஆடியிருக்கியா?"ன்னு கேட்டாங்க. ஐயா, காலேஜ்லயே சேராத பையன் யூனிவர்சிட்டிக்கு எப்படி ஆடியிருப்பான்? (பலத்த கைதட்டல்) வேற காலேஜ்ல ஆடிட்டு வந்தவருக்கு அந்த இடம் போச்சு. அவரும் யாரோ பெத்த பிள்ளை, நல்லா இருக்கட்டும். ஆனா எங்க பையன் இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில் இருக்கான். பூட்ஸைப் பரண்ல போட்டுட்டான்.

வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. மான்சி மாதிரி ஒருத்தர் வரட்டும். அவர் பக்கத்துல நின்னு நம்ம பையன் நாலு வித்தை கத்துக்கட்டும். ஆனா பதினோரு பேரையும் வாங்கி நிறுத்தினா, கப் வரும். கத்துக்க ஆள் இருக்காது. வாங்கின வெற்றிக்கு வயசு ஒரு சீசன். வளர்த்த வெற்றிக்கு வயசு ஒரு தலைமுறை.

மலையிலிருந்து இறங்கி வர்ற பையன்கிட்ட "என்ன ஆடியிருக்கே"ன்னு மட்டும் கேட்காதீங்க. "என்ன ஆடுவே"ன்னும் ஒரு வார்த்தை கேளுங்க!