பச்சை வேலியில் பழுப்புத் திட்டு: மருந்துக்கு முன் மண்ணைப் பாருங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



செராஸ் வட்டாரத் தாமான்களில் கம்பி வேலியை மறைக்கத் துஜா, ஜூனிப்பர், பொடோகார்ப்பஸ் போன்ற ஊசியிலைச் செடிகளை நெருக்கமாக நடுகிறோம். பச்சைச் சுவர்போல் நிற்கும் அந்த வேலியில் திடீரென ஒரு பழுப்புத் திட்டு தெரிகிறது. உடனே கடையில் ஒரு போத்தல் பூச்சிமருந்து வாங்கித் தெளிக்கிறோம். அது பிள்ளைகள் விளையாடும் இடம், துணி காயும் இடம். காரணம் தெரியாமல் விஷம் தெளிக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

பழுப்பு எங்கே தொடங்கியது என்று முதலில் பாருங்கள்.

உட்புறம் மட்டும் பழுத்து வெளிப்புறம் பசுமையாக இருந்தால் கவலை வேண்டாம். வெயில் படாத பழைய இலைகள் உதிர்வது இயற்கை.

செடி முழுவதும் மங்கி வாடினால் வேரைச் சந்தேகியுங்கள். கோலாலம்பூரில் நிறைய மழை பெய்கிறது. குன்றை வெட்டிச் சமன்செய்த மனைகளில் களிமண் இறுகிக் கிடப்பதால் நீர் வடிவதில்லை. ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். வேர் கறுத்து, தொட்டதும் தோல் உரிந்து வந்தால் அது வேரழுகல். செடி காய்கிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீக்கிரம் சாகும். உரமும் போடாதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தால் குளிர்சாதனக் கருவியின் வெப்பக்காற்று, நாயின் சிறுநீர், கால்வாய் ஓரப் புல்லுக்கு அடித்த களைக்கொல்லி ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். தோட்டங்களில் மருந்து தெளித்த நம் பெண்கள் பட்ட பாட்டை மறக்க முடியுமா? பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய போத்தல் வீட்டில் எஞ்சியிருந்தாலும் பயன்படுத்தாதீர்கள்.

வறண்ட நாள்களில் இலைகள் புள்ளி புள்ளியாக வெளுத்தால், கிளைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். தாளில் விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அவை சிலந்திப்பேன்கள். குழாய்நீரை வேகமாகப் பீய்ச்சிச் சில நாள் கழுவினாலே பெரிதும் குறையும். கடுமையான பூச்சிமருந்து அடித்தால் பேனைத் தின்னும் நல்ல பூச்சிகள் மடிந்து, பேன் பெருகிவிடும்.

அடுத்தது கத்தரிப்பது. கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பொறுத்திருங்கள். காய்ந்ததை மட்டும் வெட்டுங்கள். துஜாவும் ஜூனிப்பரும் இலையில்லாத பழைய கட்டையிலிருந்து பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. எனவே பச்சையைத் தாண்டி ஆழமாக வெட்டாதீர்கள். பக்கத்துக் கிளையை வளைத்துக் கட்டினால் இடைவெளி மெல்ல மூடும். பொடோகார்ப்பஸ் மட்டும் பழைய கட்டையிலும் துளிர்க்கும்.

வேர் அழுகிய செடியைப் பிடுங்கிவிட்டு, அதே குழியில் அதே வகையை நடாதீர்கள். மணல் மட்டும் கொட்டினாலும் போதாது. நீர் வடிய வழிசெய்து, மண்ணை மேடாக்கி, வேறு செடி நடுங்கள்.

ஐந்து நிமிடம் வேலியைச் சுற்றிப் பாருங்கள். பல வீடுகளில் அந்தப் பூச்சிமருந்துப் போத்தலே தேவைப்படாது.